யெஸ் மிஸ் சொல்லாதவள்

அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆண்டர்சன்பேட்டையில் இன்னும் நாலு பேருக்கு ஆளைத் தெரியும். அவர்களில் ஒருத்தி போய் வத்தி வைப்பாள். உடனே, "நீ எழுதினது நெசந்தானா? யார் யாரக் கேட்டு எழுதின?" என்று கேட்டு அவளிடமிருந்து கடுதாசி வந்தாலும் வரும். இந்த வயசில் சாட்சி தேடிக்கொண்டு திரிய என்னால் ஆகாது.

ஆறாம் வகுப்பில் அவளுக்கு என் பக்கத்து இடம். அம்மை போட்டு ஒரு வருஷம் படிப்பு விட்டுப்போனதால் எங்களைவிட ஒரு சாண் உயரமாக இருப்பாள். யார் எதைச் சொன்னாலும் கண்ணை இடுக்கிக்கொண்டு சொன்னவர் வாயையே பார்ப்பாள். நான் மளிகைக் கடைக்காரர் மகள். செல்லாக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆட்களைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். வாயிலிருந்து விழுகிற சொல்லை அப்படிப் பார்த்த ஆள் என் ஆயுசில் இவள் ஒருத்திதான்.

நாங்கள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் மாட்டிக்கொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் நடுவில், தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது முடித்த ஒன்பது பெண்களைக் கோலார் தங்கவயலில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஆறாவதில் சேர்த்துக்கொண்டது. அதுவரைக்கும் அங்கே படித்தவர்கள் எல்லாம் சுரங்கத்து ஆபீசர் வீட்டுப் பெண்களும் ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பெண்களும்தான். எங்களில் மூன்று பேர் ஆண்டர்சன்பேட்டை பஜார். ஆறு பேர் லைன், அதாவது தொழிலாளிகளுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவள் லைன் பெண். ஒன்பது பேரையும் கடைசி இரண்டு பெஞ்சில் அடைத்துவிட்டார்கள்.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா உலகத்தில் ஒருவரையும் நம்பாத மனுஷன். பால்காரனை நம்பமாட்டார், மூட்டை தூக்குகிறவனை நம்பமாட்டார், கூடப்பிறந்த தம்பியைக் கடைக்குள் தனியாக விடமாட்டார். "எவனையும் நம்பக்கூடாது, ஆனா நம்பற மாதிரி சிரிக்கணும்" என்பார். அப்படிப்பட்டவர் என்னை மட்டும் நம்பினார், ஏனோ தெரியவில்லை. அக்காவை அஞ்சாவதோடு நிறுத்திப் பதினைந்து வயசில் பூதிகோட்டையில் கட்டிக்கொடுத்தவர், என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

"இது ஒண்ணு இங்கிலீஷ் படிச்சிடுச்சின்னா, கடைக்கு வர்ற காகிதத்துக்கு எவன் வாசல்லயும் போய் நிக்க வேணாம்" என்று பஜார் முழுக்கச் சொல்லி வைத்தார். என்னிடம் மட்டும் இன்னொன்றும் சொன்னார். "தேறலன்னா சொல்லிடும்மா. பூதிகோட்டையில மாப்ளைங்களுக்கா பஞ்சம்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அக்கா அங்கே விடிவதற்கு முன்னால் எழுந்து மாட்டுக்கொட்டகை கூட்டுவதை என் கண்ணால் பார்த்திருந்தேன். தலைகீழாக நின்றாவது அந்தப் பள்ளிக்கூடத்தை விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அதற்கு நான் கண்டுபிடித்த வழி 'யெஸ் மிஸ்'.

எங்கள் வகுப்பு மிஸ் கெட்டவள் இல்லை. கவுன் போட்ட, மெல்லிசான பெண். வெளியூர். தமிழில் 'தண்ணி', 'சீக்கிரம்' இரண்டு வார்த்தைதான் தெரியும். ஒரு பாடத்தை நடத்தி முடித்து, புரிந்ததா என்று இங்கிலீஷில் கேட்பாள். நடத்தியது மொத்தமும் எங்கள் தலைக்குமேல் போயிருக்கும். ஆனால் அந்தக் கேள்வியின் ராகம் மட்டும் பழகிவிட்டது. ராகம் காதில் விழுந்ததும் ஒன்பது பேரும் சேர்ந்து "யெஸ் மிஸ்!" என்போம். மிஸ் முகம் மலரும். சாக்கட்டியைக் கீழே வைப்பாள். எங்களுக்கும் போன உயிர் வரும். தெரியாது, தெலீது, கொத்தில்ல என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று பாஷையில் சொல்லத் தெரிந்த எங்களுக்கு, நாலாவது பாஷையில் அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

ஒன்பது பேர் என்றேனா? தப்பு, எட்டுப் பேர். அவள் தனியாக எழுந்து நின்று "நோ மிஸ்" என்பாள்.

முதல் தடவை அவள் அப்படிச் சொன்னபோது மிஸ் திகைத்துவிட்டாள். எது புரியவில்லை என்று கேட்டாள் போலிருக்கிறது. அந்தக் கேள்வியும் இவளுக்குப் புரியவில்லை. அதற்கும் "நோ மிஸ்" என்றாள். ஆபீசர் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மிஸ்ஸுக்கு என்ன தோன்றிற்றோ, யெஸ் சொன்ன எங்கள் பக்கம் திரும்பி, அப்படியானால் நீ சொல்லு என்று என்னைக் கைகாட்டினாள். நான் எழுந்து சுவரில் இருந்த தேசப்படத்தைப் பார்த்தேன். அடுத்தவள் கூரையைப் பார்த்தாள். அன்றைக்கு யெஸ் சொன்ன எட்டுப் பேரும் பெஞ்சுமேல் நின்றோம். நோ சொன்ன மகராசி சொகுசாக உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளை மணி அடித்ததும் குழாயடியில் அவளை வளைத்துக்கொண்டோம்.

"ஏன்டி, உனக்கு இன்னா கேடு? எல்லாரும் யெஸ் சொன்னா நீயும் சொல்லித் தொலையேன்!"

"புரிலயே."

"எங்களுக்கு மட்டும் புரிஞ்சிதா?"

"அப்ப நீங்க ஏன் யெஸ் சொன்னீங்க?"

பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்கிறவளை யாருக்குப் பிடிக்கும்? அன்றையிலிருந்து எட்டுப் பேரும் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டோம். பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு நான் மட்டும் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவேன்.

அவள் அப்பா சுரங்கத்தில் பெல்மேன். பூமிக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டை கேஜ் என்பார்கள். கேஜில் ஆள் ஏறியதும் பெல்மேன் கணக்காக மணி அடிப்பார். மேலே இன்ஜின் ஓட்டுகிறவர் காதில் விழுந்த மணியை அப்படியே திருப்பி அடித்துக் காட்டுவார். இரண்டும் ஒத்திருந்தால்தான் கேஜ் நகரும். இதை அவள்தான் ஒருநாள் வீட்டுக்குப் போகிற வழியில் எனக்குச் சொன்னாள்.

"சரியா காதுல வுழாம, வுழுந்த மாதிரி திருப்பி அடிச்சா இன்னா ஆவும், சொல்லு."

"இன்னா ஆவும்?"

"இருபது முப்பது பேர் உள்ள நிக்கறாங்கடி. எங்கப்பா சோறு துன்னறப்ப கூட, நாங்க சொன்னத ஒருவாட்டி திருப்பிச் சொல்லிட்டுத்தான் சரிம்பாரு."

"இது பள்ளிக்கூடம்டி. இங்க எவளும் கேஜ்ல தொங்கல" என்றேன்.

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு புது இங்கிலீஷ் வார்த்தை கிடைத்தால் அவள் செய்கிற கூத்தைச் சொல்ல வேண்டும். மிஸ் சொன்ன அர்த்தம், புத்தகத்தில் போட்ட படம், இரண்டையும் நம்பமாட்டாள். வார்த்தையை உள்ளங்கையில் மையால் எழுதிக்கொள்வாள். சாயங்காலம் லைனில் குடியிருந்த கம்பவுண்டரைக் கேட்பாள். அப்புறம் தொழிலாளிகள் வருகையைக் குறிக்கிற டைம்கீப்பரைக் கேட்பாள். கடைசியில் சர்ச்சு உபதேசியாரைக் கேட்பாள். ஒருவரைக் கேட்டதை இன்னொருவரிடம் மூச்சு விடமாட்டாள். மூன்று பேரும் ஒரே அர்த்தம் சொன்னால்தான் நோட்டில் ஏறும். இரண்டு பேர் ஒரு மாதிரியும் ஒருவர் வேறு மாதிரியும் சொன்னால் அந்த வார்த்தை அவளுக்குச் செல்லாது. நாங்கள் ஐம்பது வார்த்தை உருப்போட்ட மாதத்தில் அவள் நோட்டில் பதினொன்று இருந்தன. எண்ணிப் பார்த்துச் சிரித்தவள் நான்.

"கம்பவுண்டர் உனக்கு இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறாரு?" என்று கேட்டேன்.

"பொய் சொல்வாருன்னு யாரு சொன்னது? தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்வாங்க. பெரியவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல வெக்கம்."

புரட்டாசி வாக்கில் எங்களுக்கு அவள்மேல் ஒரு சந்தேகம் கிளம்பியது. நாங்கள் குழாயடியில் தமிழில் பேசியதெல்லாம் மிஸ் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் தமிழ் பேசக்கூடாது என்று சட்டம், பேசினவளுக்கு மறுநாள் பெஞ்சு. சொன்னது யார்? பள்ளிக்கூடம் விட்டபிறகு இவளை மட்டும் மிஸ் கால் மணி நேரம் நிறுத்தி வைத்துக்கொள்கிறாளே, அது எதற்கு? "கோள்மூட்டி" என்று அவள் முதுகுக்குப் பின்னால் பேர் வைத்தோம். துப்புத் துலக்குகிற வேலை என்னிடம் வந்தது. கடைக்காரர் மகளுக்குக் கண் கூர்மையாம்.

ஒரு சாயங்காலம் ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மிஸ் ஒரு வரி வாசித்தாள். இவள் திருப்பிச் சொன்னாள். மிஸ் தலையாட்டினாள். கதவைக் காட்டி ஏதோ சொன்னாள். இவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மிஸ் சிரித்தாள். நான் ஒளிந்திருந்த நேரம் முழுக்க இதுவேதான் நடந்தது. எங்கள் பேச்சு ஒன்றும் அடிபடவில்லை. நான் போய் மற்றவர்களிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "மிஸ்ஸோட சிரிச்சு சிரிச்சுப் பேசறாடி, கதவ சாத்திக்கினு." பார்த்ததைத்தான் சொன்னேன், பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டு அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கோள் சொன்னது பள்ளிக்கூடம் பெருக்குகிற ஆயா என்று பின்னால் தெரிந்தது. தெரிந்தபிறகும் எவளும் நாங்கள் பழி போட்டவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் எங்கள் கடைக்கு எண்ணெய் வாங்க வருவாள். தராசு முள் நிற்கிறவரை கண்ணை எடுக்கமாட்டாள். நைனாவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். "இதுதான் பொழைக்கும்" என்பார். ஒருநாள் கடையில் நாலைந்து பேர் இருக்கும்போது, புதுசாக வந்த ஒரு டப்பாவை நைனா என்னிடம் நீட்டி, "மேல இன்னாம்மா போட்டிருக்கு? எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி" என்றார். எனக்கு அதில் நாலு எழுத்துக்கூட ஒழுங்காக ஓடவில்லை. நானும் விடுவேனா? மூக்கால் இழுத்து இங்கிலீஷ் மாதிரி எதையோ படித்துவிட்டு, "கொழந்தைங்களுக்கு ரொம்ப நல்லது, காலையில ரெண்டு ஸ்பூன் குடுக்கணும்னு போட்டிருக்கு நைனா" என்றேன். நைனா எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் பெருமையை நான் எப்படிச் சொல்வேன்!

அவள் எண்ணெய்க் குப்பியோடு ஓரத்தில் நின்றிருந்தாள். டப்பாவை வாங்கிப் பார்த்தாள். உள்ளங்கையில் என்னவோ எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வகுப்பில் என் காதோரம் சொன்னாள். "டப்பாவுல நீ சொன்னது இல்ல. குளிர்ந்த எடத்துல வையின்னு மட்டும்தான் போட்டிருக்கு."

"போய் எங்க நைனாகிட்ட சொல்லேன்" என்று சீறினேன்.

"நான் எதுக்குச் சொல்றேன்? கொழந்தைங்களுக்கு நல்லதோ கெட்டதோ தெரியாம சொல்லாத."

அன்றையிலிருந்து அவளைக் கண்டால் எனக்குப் பயம். நம் குடுமி ஒருத்தி கையில் இருக்கிறது என்று தெரிந்தால் தூக்கம் வருமா? இன்றைக்குச் சொல்வாளோ நாளைக்குச் சொல்வாளோ என்று அவள் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் நான் ஓடிவந்து நைனா பக்கத்தில் நின்றுகொள்வேன். அவள் சொல்லவேயில்லை. சொல்லாமல் இருக்கிறாளே, எதற்காகச் சேர்த்து வைக்கிறாள் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

முழுப் பரீட்சை முடிந்து இரண்டு நாள் கழித்து, லீவு விட இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, மிஸ் எங்கள் ஒன்பது பேருக்கு மட்டும் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாள். டைப் அடித்த அரைப் பக்கம், அடியில் ஒரு கோடு. அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினாள். எனக்குப் பிடிபட்டது மூன்று வார்த்தை: அப்பா, கையெழுத்து, நாளைக்கு. பேசும்போது அவள் எங்களைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துப் பேசினாள். அப்போதாவது எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டாமா? யாரை யாரையோ சந்தேகப்பட்ட கழுதைக்கு அங்கே ஒன்றும் தோன்றவில்லை. புரிந்ததா என்று கேட்டாள். "யெஸ் மிஸ்!" என்றோம். அவள் "நோ மிஸ்" என்றாள். மிஸ் வழக்கம்போல் விளக்க ஆரம்பிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வீட்டில் நைனா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தமிழில் அழகாகக் கையெழுத்துப் போடுவார், இங்கிலீஷில் எண் மட்டும் தெரியும்.

"இன்னாம்மா போட்டிருக்கு?"

நான் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினேன். என் பெயர் இருந்தது, நைனா பெயர் இருந்தது, அடுத்த வருஷம் என்பதும் தெரிந்தது. மீதியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. தெரியவில்லை என்று சொன்னால்? ஒரு வருஷமாக என்னத்தைப் படித்தாய் என்பார். அப்புறம் பூதிகோட்டைதான்.

"அடுத்த வருஷம் ஏழாவதுல சேத்துக்கறாங்களாம். அதுக்கு நீங்க சம்மதம் போடணுமாம்."

"போட்டுட்டாப் போவுது!" என்று, கல்யாணப் பத்திரத்தில் போடுகிற மாதிரி சுழித்துப் போட்டார் நைனா.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் அவள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"காகிதத்த குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"குடுக்காத. கம்பவுண்டரும் உபதேசியாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. டைம்கீப்பர் ஊர்ல இல்ல, நாளைக்குத்தான் வருவாரு. நம்மளுக்கு இங்கிலீஷ் போதாதாம். அடுத்த வருஷத்துலேர்ந்து தையல் பிரிவுக்கு மாத்தறதுக்கு அப்பா சம்மதிக்கறாருன்னு எழுதியிருக்காம். எஸ்.எஸ்.எல்.சி. எழுத வுடலயேன்னு அப்பால கேக்கக்கூடாதாம். உங்கப்பாகிட்ட போய் சொல்லுடி."

காகிதம் என் கையில்தான் இருந்தது. திரும்பி ஓடியிருந்தால் பத்து நிமிஷத்தில் கடை. ஆனால் போய் நைனாவிடம் என்ன சொல்வேன்? நேற்று உங்களுக்குப் படித்துச் சொன்னது பொய் என்றா? கால் நகரவில்லை. நகராத காலுக்கு மனசு உடனே ஒரு காரணம் கொண்டுவந்து கொடுத்தது. இவள் மட்டும் கையெழுத்து வாங்காமல் வந்திருக்கிறாள். தனியாக மாட்டிக்கொள்ளப் பயந்து என்னையும் இழுக்கிறாள். டப்பா விஷயத்தை நைனாவிடம் போட்டு உடைக்க வழி தேடுகிறாள். அவளே மூன்றாவது ஆளைக் கேட்கவில்லை என்கிறாளே! இப்படியெல்லாம் ஜோடித்தேன்.

"உனக்குப் பொறாமடி" என்றேன். "எங்க நைனா போட்டுட்டாரு, உங்கப்பாக்குப் போடத் தெரில."

நான் உள்ளே போய்க் காகிதத்தை மிஸ் மேஜைமேல் வைத்தேன்.

மற்ற ஏழு பேரிடமும் சொல்லிப் பார்த்தாளாம். கோள்மூட்டி சொல்லை எவள் கேட்பாள்? அந்தப் பேரை வைத்தது யார்?

காகிதம் கொண்டுவராததால் இரண்டு நாள் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். மூன்றாம் நாள் அவள் அப்பா காலை ஷிப்ட் முடிந்து குளித்த தலையோடு கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டைம்கீப்பரும் அதே அர்த்தம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. கையெழுத்தில்லாத காகிதத்தைத் தலைமை ஆசிரியையான பெரிய மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தபோது பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. ஏழாம் வகுப்பில் அவள் பெயர் இருந்தது. தையல் பிரிவில் எங்கள் எட்டுப் பேர் பெயர்.

அவள் அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். பெங்களூரில் டெலிபோன் ஆபீசில் இருப்பதாக ஒருத்தி சொன்னாள், கோலார் கோர்ட்டில் டைப்பிஸ்ட் என்று இன்னொருத்தி. இரண்டு பேர் இரண்டு மாதிரி சொல்கிறார்கள், அதனால் நான் எழுதவில்லை. அவளிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட வியாதி அது. எனக்குச் சொல்லத் தெரிந்தது பட்டியல் ஒட்டிய அன்றைக்கு எங்கள் கடையில் நடந்தது மட்டும்தான்.

நைனா சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனார். பெரிய மிஸ் அவர் போட்ட கையெழுத்தை எடுத்துக் காட்டி, ஆயாவை விட்டுத் தமிழில் சொல்ல வைத்து, ஒரே ஒரு தகப்பன் மட்டும் வந்து சம்மதமில்லை என்று சொன்னார், மற்றவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டீர்களே என்றாளாம். காகிதத்துக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வேர்த்து விறுவிறுத்துக் கடைக்குள் நுழைந்தபோது, எண்ணெய்க் குப்பியோடு அவள் அங்கே நின்றிருந்தாள். கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். நான் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏம்மா, உங்கப்பனுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சிது?" என்றார் நைனா.

"மூணு பேரக் கேட்டோம் மாமா."

"உனக்குத் தெரிஞ்சிருந்திச்சா?"

"தெரியும் மாமா."

"என் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

அவள் என்னைப் பார்த்தாள். முடிந்தது, இப்போது எல்லாவற்றையும் கொட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு வருஷமாகப் புரியாததைப் புரிந்தது என்று சொல்லாதவள், ஒருவருக்கும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லாதவள், மெதுவாக, "இல்ல மாமா. சொல்லல" என்றாள்.

"அடிப்பாவி! பக்கத்துல குந்திக்கினு இருந்தவதானே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் பொண்ணு ஓடியாந்து சொல்லியிருக்குமே! இவ்ளோ வஞ்சமா உனக்கு? போ, இனிமே என் கடைப் படி ஏறாத!"

அவள் குப்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். நான் பின்வாசல் வழியாக ஓடி, மாவு மில் திருப்பத்தில் அவளைப் பிடித்தேன்.

"ஏன்டி அப்பிடிச் சொன்ன?"

"நெசத்த சொன்னா இன்னா ஆவும்? உங்கப்பா இனிமே உன்கிட்ட ஒரு காகிதம் குடுப்பாரா? வேற எவன்கிட்டயாச்சும் குடுப்பாரு. எவனாச்சும் இன்னாவாச்சும் படிச்சுக் காட்டுவான்." குப்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "உன்ன பூதிகோட்டைக்கு அனுப்பிடுவாருன்னு சொன்ன இல்ல?" என்றாள்.

அதை அவளிடம் எப்போது சொன்னேன் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இரக்கப்பட்டாளா, இல்லை, இவள் என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று என்னைச் சோதித்தாளா? அந்தச் சந்தேகம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. அவள் வெறுங்குப்பியோடு லைன் பக்கம் நடந்து போனாள்.

நான் கடைக்குத் திரும்பினேன். நைனா இன்னும் கத்திக்கொண்டிருந்தார். கூட்டம் கூடியிருந்தது. என்னைக் கண்டதும் பக்கத்தில் இழுத்து, தோளில் கை போட்டு, அந்த நகலை என் கையில் திணித்தார்.

"படிம்மா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா படி. எங்கள எப்பிடி ஏமாத்தியிருக்காங்கன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்!"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நைனாவும் பார்த்தார். அவர் பார்வையில் எள்ளளவும் சந்தேகம் இல்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது நைனா" என்றேன். "அன்னிக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு வந்து சொன்னா. நான்தான் உங்ககிட்ட சொல்லல."